காலையில் ஏற்றுவோம், மாலையில் இறக்குவோம்

மன்னார் நகரிலிருந்து புறப்படும் மாலைப் பேருந்து அடம்பனில் வந்து நிற்கும்பொழுது இறங்குகின்றவர்களின் முகங்களைச் சற்று உற்று நோக்குங்கள். ஆசிரியைகள், தாதியர், காரியாலய ஊழியர், கடைகளிற் பணிபுரியும் இளம் பெண்கள் என்று பலதிறப்பட்டோரும் இறங்குவர். உடம்பெல்லாம் களைப்பு; தலையெல்லாம் செம்புழுதி. ஆனால், அத்தனை பேருடைய நெஞ்சிலும் எழுகின்ற வினா ஒன்றேதான்: "இன்றிரவு என்ன சமைப்பது?"

வீட்டுப் படியேறியதும் அடுப்பில் ஏறுவது பெரும்பாலும் சோற்றுப்பானைதான். சோறு விரைவில் வேகும். எல்லோர் வயிற்றையும் நிரப்பும். காலையில் மிஞ்சிய பருப்போ, அவசரமாக இடித்த சம்பலோ துணைக்கு இருந்தாற் போதும். தட்டு நிறையச் சோறும், அதன் ஓரத்தில் பெயருக்குச் சிறிது கறியுமாக உண்டு முடித்துப் பாயை விரித்துவிடுகின்றோம். இவ்வழக்கத்திற் குற்றங் காண நாம் முன்வரவில்லை. பகல் முழுவதும் உழைத்து வந்த ஒருவர் இரவு எட்டு மணிக்கு மூன்று கறி சமைக்க வேண்டுமென்று கட்டளையிடுவது மனிதத் தன்மையன்று. எனினும், இவ்வழக்கத்துக்கு நம் குடும்பங்கள் செலுத்தி வருகின்ற விலை பெரிது. அந்த விலையைக் குறைத்துக்கொள்ள எளிய வழியொன்று உண்டு என்பதை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெல் விளையும் மண்ணில்

அடம்பன் நெல்லின் மண். மல்வத்து ஓயா என்று சிங்கள மக்களும், அருவியாறு என்று நாமும் அழைக்கின்ற ஆற்றின் நீர் தேக்கத்தில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை வந்தடைகின்றது. அக்குளத்து நீரே மாந்தைப் பகுதியின் வயல்களை வாழ்விக்கின்றது. மாரி மழையோடு தொடங்கும் பெரும்போகத்தின் அறுவடை முடிந்ததும், நெல் மூடைகள் வீட்டு விறாந்தையை நிறைப்பதும், வைக்கோல் மலைபோலக் குவிவதும் இம்மண்ணின் செல்வக் காட்சிகள். இங்கே வந்து "சோற்றைக் குறையுங்கள்" என்று சொல்வது, பேசாலைக் கரையில் நின்றுகொண்டு "மீனை மறந்துவிடுங்கள்" என்று சொல்வதை ஒக்கும். கேட்பவர் நகைப்பர், அல்லது கோபிப்பர்.

ஆயினும், சொல்லியே ஆக வேண்டியிருக்கின்றது. சலரோகம் என்று நம் முன்னோர் வழங்கிய நீரிழிவு, இன்று ஊருக்கு ஒருவரைப் பிடிக்கும் நோயன்று. 2005–2006ஆம் ஆண்டுகளில் வடக்குக் கிழக்கு நீங்கலாக ஏனைய ஏழு மாகாணங்களிலும் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர் என்று அது கண்டது. அதனினும் கவலைக்குரியது, அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தமக்கு அந்நோய் உண்டென்பதையே அறியாதிருந்தமையாகும்.

வயல்வெளியில் இந்நோய்க்கு இன்னொரு கொடுமையும் உண்டு. குருதியிற் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் பாதங்களில் உணர்ச்சி குன்றும். வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் கமக்காரருக்கு முள் தைத்ததும் தெரியாது. சங்கு கிழித்ததும் தெரியாது. புண் ஆழ்ந்து புரையோடிய பின்னரே வைத்தியசாலையை நாடுகின்றார். அங்கே சில வேளைகளில் விரலையோ, பாதத்தையோ இழக்க நேரிடுகின்றது. உழுது உண்பவனுக்குக் கால் போனாற் பின் என்ன எஞ்சும்? ஆகவே, இரவுத் தட்டில் என்ன இருக்கின்றது என்பது நாவின் சுவையோடு மட்டும் தொடர்புடைய சிறு விடயமன்று.

குறைக்க வேண்டியது எது?

சர்க்கரையை மாத்திரம் விலக்கினாற் போதுமென்று பலர் எண்ணுகின்றனர். தேநீரைச் சீனியின்றிக் குடித்துவிட்டு, மூன்று வேளையும் சோறும் பிட்டும் இடியப்பமுமாக உண்பர். சோற்றிலும் மாவிலும் உள்ள மாப்பொருள் வயிற்றிற் செரித்துக் குளுக்கோசாக மாறியே குருதியிற் கலக்கின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 1922ஆம் ஆண்டில் இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றப்படுமுன், மாப்பொருளைக் குறைத்து உண்பதே நீரிழிவுக்கு வைத்தியர்கள் கையாண்ட தலையாய சிகிச்சையாக இருந்தது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெளியிட்ட அறிக்கையும், குருதிச் சர்க்கரையைச் சீராக்குவதற்கு மாப்பொருளைக் குறைப்பது பயன் தரும் என்பதற்குப் போதிய சான்று உண்டென்றே கூறுகின்றது.

சில கணக்குகளை மாணவர்கள் குறித்துவைத்துக் கொள்ளலாம். நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருள் உண்டு. கோப்பை அளவிற் கூறினால், ஒரு கோப்பைச் சோற்றில் 45 கிராம். நூறு கிராம் மரவள்ளிக் கிழங்கில் 38 கிராம் வரை. கீரை, புடலங்காய், கத்தரிக்காய், கோவா போன்றவற்றிலோ பத்துக் கிராமுக்கும் குறைவு. மீனிலும் இறைச்சியிலும் இல்லையென்றே கூறலாம். ஒரு முட்டையில் ஒரு கிராமும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. "குரக்கன் பிட்டுச் சாப்பிட்டாற் சர்க்கரை ஏறாது, சிவப்பரிசிச் சோறு எவ்வளவும் உண்ணலாம், ஒடியற்கூழ் மருந்து போன்றது" என்றெல்லாம் நம்மிடையே பேச்சு உண்டு. குரக்கனிலும் தவிடு நீக்காத சிவப்பரிசியிலும் நார்ப்பொருள் மிகுதி என்பது உண்மையே. ஆனால், மாப்பொருளின் அளவு வெள்ளையரிசியோடு ஏறக்குறைய ஒத்ததே. ஒடியலும் பனங்கிழங்கிலிருந்து பெற்ற மாவே. இவை யாவும் நல்லுணவுகள். ஆயினும் அளந்து உண்ண வேண்டியவை.

அளப்பது எங்ஙனம்? தராசு தேவையில்லை. உணவுத் தட்டை மனத்தாற் பிரித்துக்கொள்ளுங்கள். அரைவாசியில் கீரையும் மரக்கறியும். காற்பங்கில் மீனோ, இறைச்சியோ, முட்டையோ, கடலையோ. எஞ்சிய காற்பங்கிற்கே சோறு. இம்முறையிற் சோறு ஒழிந்துபோகவில்லை. தன் இடத்தைப் பிறருக்குச் சிறிது ஒதுக்கிக் கொடுக்கின்றது. அவ்வளவே.

களைத்த வேளையும் தெளிந்த வேளையும்

அறிவுரை சொல்வது எளிது. தட்டின் முக்காற் பங்கைக் கறியால் நிரப்ப வேண்டுமானால், அக்கறிகளைச் சமைப்பவர் யார்? எப்பொழுது சமைப்பது? இவ்வினாவுக்கு விடை காணாத எந்த உணவு விதியும் மூன்று நாளைக்கு மேல் நிலைப்பதில்லை. களைத்து வந்த மனிதர் தமக்கு நல்லது எதுவென்று ஆராய்வதில்லை. கைக்கு எட்டியது எதுவோ அதனையே உண்கின்றார். ஆகவே, என்ன உண்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டிய வேளை, பசியும் களைப்பும் சூழ்ந்த மாலையன்று. மனந் தெளிந்த காலையே. காலையில் ஏற்றிவிட்டுப் போன கறி, மாலையில் நாம் படலையைத் திறக்கும்பொழுதே மணம் வீசி வரவேற்குமானால், சோற்றுப்பானையின் ஆட்சி தானாகவே தளர்ந்துவிடும்.

ஆள் இல்லாத வீட்டில் அடுப்பு எரியலாமோ என்று கேட்பீர்கள். எரியலாகாது. அதற்கே மெதுவாகச் சமைக்கும் முறைகள் இரண்டு உள்ளன. ஒன்று மின்சாரத்தால் இயங்கும் ஸ்லோ குக்கர். அதனை இங்கே மின்பானை என்று அழைப்போம். மற்றொன்று காசு கொடுத்து வாங்க வேண்டாத வைக்கோற் பெட்டி.

ஒரு பாட்டியின் கதையிலிருந்து பிறந்த பானை

மின்பானையின் வரலாறு சுவையானது. யூதர்கள் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவதில்லை. எனவே, வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் அவரையும் இறைச்சியும் கிழங்கும் இட்ட பானையை, அணைந்துகொண்டிருக்கும் வெதுப்பகத்து அடுப்பினுள் வைத்துவிடுவர். இரவு முழுவதும் மெல்லிய சூட்டில் வெந்த அவ்வுணவு மறுநாள் பகலில் பரிமாறப்படும். அதற்குச் சோலன்ற் என்று பெயர். லித்துவேனியாவிற் பிறந்த ஒரு தாய் தன் ஊரின் இவ்வழக்கத்தை அமெரிக்காவில் வாழ்ந்த தன் மகனுக்குக் கூறினார். மகன் இர்விங் நாக்சன் ஒரு பொறியியலாளர். மெல்லிய மின்சூட்டில் அவ்வாறே சமைக்கும் பானையொன்றை ஆக்கி, 1940ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1970இல் அவருடைய நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கிற்று. அடுத்த ஆண்டே குரொக்-பொட் என்ற பெயரில் அப்பானை கடைகளுக்கு வந்தது. வீட்டை விட்டு வேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்த அமெரிக்கப் பெண்கள் அதனை விரும்பி வாங்கினர்.

நம் பக்கத்திலும் இவ்வெண்ணம் புதிதன்று. 1910ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் என்னும் வைத்தியர் இக்மிக் குக்கரை உருவாக்கினார். அடியிற் கரி நெருப்பும், அதன்மேல் அடுக்குப் பாத்திரங்களும் கொண்ட அக்கலத்தில் உணவை ஏற்றிவிட்டு வெளியே சென்றால், திரும்பி வரும்பொழுது சோறும் பருப்பும் கறியும் நீராவியில் வெந்திருக்கும். தமிழ்நாட்டில் ருக்மணி குக்கர் இதே முறையில் வழங்கிற்று.

இவற்றையெல்லாம் பெருமையோடு நம் அயலிலுள்ள முதிய ஆச்சி ஒருவரிடம் எடுத்துரைத்தோம். அவர் வெற்றிலையை மென்றபடி சிரித்தார்.

"உதென்ன பிள்ளை புதினம்? நாங்கள் அந்தக் காலத்திலை உமித் தணலிலை சட்டியை வைச்சு, மேலையும் தணல் போட்டு மூடிப்போட்டு வயலுக்குப் போனது உதுதானே! வந்து பாத்தா இறைச்சி பஞ்சு மாதிரி இருக்கும்" என்றார்.

நமக்கு வெட்கமாகிவிட்டது. கடல் கடந்து தேடிய அறிவு வேலிக்கு அப்பால் இருந்தது! ஆயினும், தணலை விட்டுச் செல்வதில் ஓலைக் கூரைக்கும் குழந்தைகளுக்கும் இருந்த ஆபத்தை ஆச்சியும் மறுக்கவில்லை.

நாள் முழுவதும் வெளியே இருப்போர்க்கு

காலை ஆறரைக்குப் புறப்பட்டு மாலை ஐந்தரைக்கோ ஆறுக்கோ வீடு திரும்புவோர்க்கு மின்பானையே ஏற்றது. நான்கு லீற்றர் அளவுள்ள பானை 200 வாற்று மின்சாரத்தை இழுக்கின்றதென்று கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 1.6 அலகு செலவாகும். மின்கட்டணம் உயர்ந்துள்ள இந்நாளில் இது பெருஞ் சிக்கனமன்று. வெறும் விளம்பரத்தை நம்பி "செலவே இல்லை" என்று எண்ண வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மட்டும், அதிக அளவிற் சமைத்துக்கொள்வதே கணக்குக்கு ஒத்துவரும்.

இதனைக் கையாளும் விதிகள் சிலவே. பானையின் அரைவாசிக்குக் குறையாமலும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் நிரப்புக. கடினமான கிழங்கும் காயும் அடியிலும், இறைச்சி மேலிலும் இருக்கட்டும். நீர் ஆவியாகிக் குறைவதில்லையாதலால், வழக்கமாக விடும் நீரில் அரைவாசியே போதும். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்குக. ஒரு முறை திறந்தால் இழந்த சூட்டை மீட்க அரைமணி நேரம் வரை ஆகும். உறைந்த இறைச்சியை அப்படியே இடலாகாது. முதல் நாளிரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விட வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டார் இறைச்சியை நாடாமல், கடலை, கௌபி, சோயா ஆகியவற்றைக் கொள்வது நன்று.

நம்முடைய முதல் வாரத்துச் சமையலை இங்கே கூறாவிட்டால் நாம் உண்மையை மறைத்தவர்களாவோம். முதல் நாள், பாரைமீனைத் துண்டங்களாக்கிக் காலையிலேயே இட்டுச் சென்றோம். மாலையில் முள்ளும் கூழும் எஞ்சின. இரண்டாம் நாள், முதற்பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றினோம். அது திரிந்து தயிர்போல மிதந்தது. மூன்றாம் நாள் ஊற்றிய நீர் மிகுதியாகிக் குழம்பு ரசமாயிற்று. வீட்டார் ஒன்றும் பேசாமல் உண்டனர். அந்த மௌனம் திட்டுவதினும் கடினமாயிருந்தது. கற்ற பாடம் இதுதான்: மீனும் கீரையும் முதற்பாலும் தாளிதமும் மாலைக்கு உரியன, இறைச்சியும் கடலையும் காலைக்கு உரியன.

அரை நாள் வெளியே இருப்போர்க்கு

காலை ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலை பகல் ஒன்றரைக்கு விடுகின்றது. அருகிலேயே கற்பிக்கும் ஆசிரியைக்கும், வயலுக்குச் சென்று உச்சிப்பொழுதில் திரும்பும் குடும்பத்துக்கும் மின்சாரமே வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியை நாம் மறந்திருக்க மாட்டோம். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளும் இருந்தது. காஸ் கொள்கலனுக்காக மக்கள் வீதியோரத்தில் வரிசையாக நின்றனர். மின்சாரத்தையும் காஸையும் மாத்திரம் நம்பியிருந்த குசினிகள் அன்று திகைத்து நின்றன. வைக்கோலோ, நம் முற்றத்தில் மாடுகளுக்கு மிஞ்சிக் கிடந்தது!

1867ஆம் ஆண்டில் பாரிசில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் நோர்வே நாட்டார் கொண்டுவந்து வைத்த சமையற் பெட்டியின் தத்துவமே இது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய இல்லத்தரசியர் எரிபொருளை மிச்சப்படுத்தவும் இவ்வாறான பெட்டிகளைப் பயன்படுத்தினர். கொதிக்கும் பானை அடுப்பை விட்டிறங்கியதும் குளிரத் தொடங்குவது ஏன்? சுற்றியுள்ள காற்று அதன் சூட்டைக் கவர்ந்து செல்வதனாலேயே. வைக்கோலின் துளைகளிலும் இடுக்குகளிலும் சிறைப்பட்ட காற்று அசைய மாட்டாது. எனவே சூடும் வெளியேற மாட்டாது. அச்சூட்டிலேயே உணவு வெந்துவிடுகின்றது. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் வெப்பக் கடத்தல் பற்றிய பாடத்தை வீட்டிலேயே கண்டறிய இதனினும் நல்ல சோதனை இல்லை.

பெட்டி செய்வதும் எளிது. பானையைவிட எல்லாப் பக்கத்திலும் ஒரு சாண் அகலமுள்ள மரப்பெட்டியோ, பெரிய கடகமோ எடுங்கள். பூஞ்சணம் பிடியாத, நன்கு காய்ந்த வைக்கோலை அடியில் இறுக்கமாகப் பரப்பி, பக்கங்களிலும் திணித்து, நடுவிற் பானைக்கு அளவான குழி விடுங்கள். பழைய துணியால் உறையிட்டால் வைக்கோல் உணவில் விழாது. வைக்கோல் நிறைத்த தலையணை ஒன்றை மேல்மூடியாக்குங்கள். அடுப்பிலிருந்து இறக்கும் பானையின் அடியில் கங்கு ஒட்டியிருக்கலாம். ஈரத் துணியால் துடைத்துவிட்டே பெட்டியில் வைக்க வேண்டும்.

பானை ஏறக்குறைய நிறைந்திருத்தல் அவசியம். சிறிதளவு உணவு விரைவிற் குளிர்ந்துவிடும். மூடியோடு பத்து முதல் இருபது நிமிடம் துள்ளிக் கொதித்த பின்னர், திறவாமல் அப்படியே பெட்டியுள் இறக்குக. நான்கு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். எடுத்ததும் மீண்டும் கொதிக்க வைத்தே பரிமாறுக.

மூன்று கறிகள்

இம்மண்ணில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்யத்தக்க மூன்றினை இங்கே தருகின்றோம். நான்கைந்து பேருக்கு அளவு.

*நாட்டுக்கோழிக் கறி (மின்பானை):* நாட்டுக்கோழியின் தசை கடினமானது. அதனாலேயே மெல்லிய சூட்டிற்கு மிகவும் ஏற்றது. ஒரு கிலோ கோழியைத் துண்டங்களாக்கி, உரித்த சின்ன வெங்காயம் 200 கிராம், உள்ளி பத்துப் பல், ஒரு துண்டு இஞ்சி, கறித்தூள் இரண்டரை மேசைக்கரண்டி, மஞ்சள், உப்பு ஆகியவற்றோடு பிசறுக. அடியில் பெரிய துண்டங்களாக வெட்டிய கத்தரிக்காய் அரைக் கிலோ. ஒரு கோப்பை நீர் விட்டு மூடிக் குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் விடுக. மாலையில் அரைக் கோப்பை முதற்பாலும், கறிவேப்பிலையும், சிறிது பெருஞ்சீரகத் தூளும் சேர்த்து, திறந்தபடி பத்து நிமிடம் மிகுந்த சூட்டில் வைத்து இறக்கித் தேசிக்காய்ப்புளி விடுக.

*கணவாய்க் கறி (வைக்கோற் பெட்டி):* கணவாய் இரண்டு நிமிடத்திலும் வேகும். இரண்டு மணி நேரத்திலும் வேகும். இடைப்பட்ட நேரத்திலேதான் இறப்பர் போல இழுபடும். ஒன்றரைக் கிலோ கணவாயைச் சுத்தஞ் செய்து வளையங்களாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறித்தூள், உப்பு, பழப்புளிக் கரைசல், இரண்டாம் பால் ஆகியவற்றோடு இருபது நிமிடம் கொதிக்க வைத்துப் பெட்டியுள் இறக்குக. மூன்றரை மணி நேரத்தின் பின் எடுத்து மீண்டும் கொதிக்க வைத்து, முதற்பால் சேர்க்க.

*கடலையும் முருங்கையிலையும் (மின்பானை):* கொண்டைக்கடலை 300 கிராமை இரவே ஊற வைத்து, காலையில் ஊறிய நீரைக் கொட்டி, புது நீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, அந்நீரோடு பானையில் இடுக. வெங்காயமும் சீரகமும் உள்ளியும் சேர்த்துக் குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். புளி முன்னரே சேர்ந்தாற் கடலை வேகாது. ஆகவே மாலையிலேயே புளியும் உப்பும் இரண்டு கைப்பிடி முருங்கையிலையும் சேர்த்து ஒரு கொதி விடுக. கடலையிலும் மாப்பொருள் உண்டு. அரைக் கோப்பையில் ஏறக்குறைய 22 கிராம். ஆனால், நார்ப்பொருளும் புரதமும் கூடவே இருத்தலால் அது மெதுவாகவே செரிக்கின்றது. இதனை உண்ணும் நாளிற் சோற்றை மேலும் குறைத்துக் கொள்ளல் வேண்டும்.

இவற்றோடு, வந்தவுடன் ஐந்து நிமிடத்தில் முடியும் கோவா வறையோ, கீரைச் சுண்டலோ செய்துகொண்டால் தட்டின் அரைவாசி நிறைந்துவிடும்.

மறக்கலாகாத எச்சரிக்கைகள்

உணவு நெடுநேரம் இளஞ்சூட்டிற் கிடப்பதே நஞ்சுக்கு வழி. ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்திற் கிருமிகள் விரைவாகப் பெருகும். நீங்கள் இல்லாத வேளையில் மின்சாரம் தடைப்பட்டு, எவ்வளவு நேரம் தடைப்பட்டதென்று தெரியாவிட்டால், அவ்வுணவை இரக்கமின்றிக் கொட்டிவிடுங்கள். மின்சாரம் நின்று வந்தாற் கண் சிமிட்டும் மின்கடிகாரம் ஒன்றைக் குசினியில் வைத்தாற் செய்தி தெரிந்துவிடும். அயலாரைக் கேட்டாலும் தெரியும். ஆறிய பழங்கறியை மின்பானையில் இட்டுச் சூடாக்கலாகாது. அடுப்பிலேயே கொதிக்க வைக்க வேண்டும். சிறுநீரக வடிவிலுள்ள சிவப்பு அவரை விதையை ஊற வைத்து, நீரை மாற்றி, அடுப்பில் குறைந்தது அரைமணி நேரம் நன்கு கொதிக்க வைத்த பின்னரே மெதுவான சமையலுக்குக் கொள்ளல் வேண்டும். அதில் இயற்கையாகவுள்ள நஞ்சு மெல்லிய சூட்டில் அழிவதில்லை.

எல்லாவற்றினும் முதன்மையானது இது: இன்சுலின் ஏற்றுபவரும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளை உட்கொள்பவரும் தம் எண்ணப்படி திடீரென்று சோற்றைக் குறைக்கலாகாது. மருந்து அதே அளவில் இருக்க, மாப்பொருள் மாத்திரம் குறைந்தாற் குருதிச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் உண்டாகும், உயிராபத்தும் நேரலாம். முதலில் வைத்தியரிடம் கூறி மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். கருவுற்ற தாய்மாரும், சிறுநீரக நோயுள்ளோரும் அவ்வாறே கேட்டறிதல் கடன். வளரும் பிள்ளைகளின் சோற்றை யாரும் பறிக்க வேண்டாம்.

யார் ஏற்றுவது?

இறுதியாக ஒரு சொல். இக்கட்டுரையை வாசித்து முடித்ததும், "நல்லது, நாளை முதல் அம்மா இன்னும் அரைமணி முன்னதாக எழும்பட்டும்" என்று எவரேனும் எண்ணினால், நாம் எழுதியது வீண். முதல் நாளிரவு வெங்காயம் உரிப்பதற்கும், கடலை ஊறப்போடுவதற்கும், காலையில் பானையை மூடி ஆளியை அழுத்துவதற்கும் தாயின் கைதான் வேண்டுமென்று எந்தச் சாத்திரமும் கூறவில்லை. வைக்கோல் திணிப்பது மகனுக்குத் தெரியும். தேங்காய் துருவத் தந்தைக்கும் கையுண்டு. சலரோகம் ஒருவருடைய உடலில் இருந்தாலும், அதனை எதிர்ப்பது ஒரு குடும்பத்தின் வேலை.

நெல் நமக்குச் சோறு தந்தது. நாம் அளவுக்கு மீறி உண்டோம். அதே நெல், தன் வைக்கோலால் நம் கறிப்பானையைச் சூடாகக் காத்து, நம்மைக் காப்பதற்கும் ஆயத்தமாக இருக்கின்றது. நாளைக் காலை பேருந்துக்குப் புறப்படுமுன் ஒரு பானையை ஏற்றிப் பாருங்கள். மாலையில் படலையைத் திறக்கும்பொழுது, "இன்றிரவு என்ன சமைப்பது?" என்ற வினா உங்களுக்கு முன்னே வந்து நிற்காது, வெந்த கறியின் மணமே வந்து நிற்கும்.